அக்கி எழுதும் வேளார் ஐயாமார்களுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, இறகால் தொட்டு, அக்கி கண்ட தோலின் மேல் நீங்கள் சிங்கம் வரைவதை நான் கிட்ட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் அம்மாவுக்கு இடப்பக்க விலாவில் அக்கி வந்தபோது மூன்று நாள் காலையில் கூட்டிப்போனோம். எழுதியவர் காசு கேட்கவில்லை. வெற்றிலை பாக்கோடு வைத்ததை வாங்கிக்கொண்டார். காவி பட்டதும் “ஜில்லுனு இருக்கு” என்றார் அம்மா. எரிகிற தோலில் ஈரமண் பட்டால் அப்படித்தான் இருக்கும். அதை விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை.

குற்றம் என்னுடையது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். ஒருமுறை வந்த கிருமியை மறக்காமல் வைத்திருக்கும் நினைவு செல்களைப் பற்றிக் கரும்பலகையில் படம் போட்டவன், வீட்டில் கோட்டைவிட்டேன். கொப்புளம் வருவதற்கு மூன்று நாள் முன்பே அம்மா அங்கே வலிக்கிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று பூண்டுப்பால் கொடுத்தோம். கொப்புளம் வந்தது, எழுதினோம். டாக்டரைப் பார்த்தது எட்டாம் நாள். கொப்புளம் ஆறியது, வலி ஆறவில்லை. எட்டு மாதமாக முந்தானை உரசினாலே துள்ளுகிறார். ஃபேன் காற்றுகூடப் பட முடியவில்லை.

அக்கி புதிதாக எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதில்லை. சின்ன வயதில் அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்து எறிந்தோமே, அந்தச் சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போகவே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டி வரிசையாக இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஐம்பது அறுபது வருடம் கழித்து எழுந்தால், எந்த முடிச்சில் படுத்திருந்ததோ அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. அதனால்தான் நடுமுதுகில் தொடங்கி நடுநெஞ்சில் கோடு போட்டாற்போல் நின்றுவிடுகிறது. அக்கியின் தலையும் வாலும் முட்டினால் ஆள் பிழைக்காது என்று ஊரில் சொல்வார்கள். ஒரு பக்க நரம்பு அந்தப் பக்கத்துத் தோலுக்குத்தான் போகும், பெரும்பாலும் முட்டாது. இரண்டு பக்கமும் வந்தாலோ, உடம்பெல்லாம் சிதறினாலோ எதிர்ப்புச் சக்தி ரொம்பவே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இத்தனை வருடம் அதை அடக்கி வைத்திருந்தது யார்? ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அவை வயதானவர்களுக்கும் போதிய அளவில் இருக்கின்றன, ஆனாலும் அக்கி வருகிறது. உண்மையான காவல் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். அம்மை வந்தபோது இந்த வைரஸை அடையாளம் கண்டவற்றில் ஒரு பகுதி நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன. வைரஸ் தலைதூக்கினால் அவை பெருகி, தொற்றிய செல்களைத் தாக்குகின்றன. வயது ஏற ஏற இந்தக் காவல் எண்ணிக்கையிலும் வேகத்திலும் குறைகிறது. எச்.ஐ.வி., புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, உறுப்பு மாற்று சிகிச்சை இவையெல்லாம் அதையே சீக்கிரம் செய்துவிடும். முப்பது வயதுப் பையன் அக்கியோடு வந்தால் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வைரஸ் உடம்புக்குள் படுத்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இறங்கினால் எழுகிறது என்று கோவையாகச் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்சன். தன்னிடம் வந்த அக்கிக்காரர்களை 16 வருடம் குறித்துவைத்து, 1965-ல் வெளியிட்டார். அம்மை வந்த குழந்தைகளின் பக்கத்தில் இருந்தால் பெரியவர்களின் காவல் புதுப்பிக்கப்படும் என்பது அவர் கருத்து. படித்ததும் உங்கள் நினைவுதான் வந்தது: நாளெல்லாம் அக்கியோடு பழகும் உங்கள் உடம்பில் அந்த டி செல்கள் எப்படி இருக்கும்? என் ஊகம்தான். யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். இந்த வைரஸுக்கு மாத்திரை இருக்கிறது. அசைக்ளோவிர் என்று பெயர். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் டாக்டர்தான் எழுத வேண்டும். பின்னால் வலியே வராது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கொப்புளம் சீக்கிரம் காயும், கடுமை குறையும். அந்த மூன்று நாளும் பெரும்பாலும் உங்கள் வாசலில்தான் கழிகிறது. எழுத உட்காரும்போதே “முதல் கொப்புளம் என்றைக்குக் கண்டது?” என்று கேளுங்கள். “இங்கிருந்து நேரே டாக்டரிடம் போங்க” என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ வந்திருந்தால், அதிலும் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருந்தால், எழுதவே வேண்டாம். மூக்கு நுனிக்குப் போகும் நரம்பின் கிளைதான் கண்ணுக்கும் போகிறது. அன்றைக்கே கண் டாக்டர் பார்க்காவிட்டால் பார்வை போகலாம்.

அப்புறம், உடைந்த கொப்புளத்தின் மேல் காவி வேண்டாம், சீழ் பிடிக்கும். அந்த நீரில் வைரஸ் இருக்கிறது. ஒருவருக்குத் தொட்ட இறகை இன்னொருவருக்குத் தொடாதீர்கள். வீட்டில் அம்மை வராத கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் தள்ளி இருக்கட்டும். அவர்களுக்கு அக்கியாக வராது, அம்மையாக வரும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. வைரஸின் ஒரே ஒரு புரதத்தைக் காட்டி டி செல்களை மறுபடி எழுப்புகிறது. 2015-ல் வெளியான பெரிய சோதனையில் 97 சதவீதம் தடுத்தது. இரண்டு ஊசி. விலையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்குத் தலைசுற்றும், அது அரசாங்கத்துக்கு எழுத வேண்டிய இன்னொரு மடல்.

தைக்குப் பானை வாங்க வருவோம். அம்மாவும் வருவார், முந்தானை விலாவில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.