பிரிக்காத மாத்திரை அட்டை

அன்புள்ள பாப்பா,

இரண்டு வாரமாக நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி.  

போன தடவை வந்தபோது உன் சர்க்கரை மாத்திரை, அந்த மெட்ஃபார்மின் அட்டையை அலமாரியில் விட்டுப் போய்விட்டாய். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. புது அட்டையாக இருக்கும் என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன்.

சாப்பாட்டில் உன் கட்டுப்பாட்டைப் பார்த்தால் பெருமைதான். என்னால் ஒரு வாரம்கூட முடிந்ததில்லை. ஆனால் மாத்திரையை நீயாக நிறுத்தாதே. வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டோடு போடு, இல்லையென்றால் மெதுவாகக் கரைகிற வகையைக் கேள். சாப்பாட்டாலேயே சர்க்கரை இறங்கினால் டாக்டரே அளவைக் குறைப்பார். மாத்திரையை விட்டு மூன்று மாதமான பிறகும் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, 6.5-க்குக் கீழே நின்றால் நோய் தணிந்திருக்கிறது என்று டாக்டர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதை ரத்தம் சொல்லட்டும். 'உடம்பு நல்லாத்தான் இருக்கு' என்பதெல்லாம் கணக்கில் சேராது. கண்ணும் சிறுநீரகமும் கெட ஆரம்பிக்கும்போது வலிப்பதில்லை. படித்த பிள்ளை, உனக்கா நான் சொல்ல வேண்டும்? நீயாக நிறுத்தாதே.

'மாத்திரைதான் அப்பாவைச் சாய்த்தது' என்று அன்றைக்குச் சொன்னாயே, நான் மறுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள்தான் நான் மாத்திரை போடுவேன். டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வந்துவிடும். நான் விழுந்தேனே, அந்தத் தடவை மூன்று மாதச் சராசரி காட்டிக்கொடுத்துவிட்டது: 9.4. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்றேன். அவர் நம்பினார். நம்பியதால்தான் சர்க்கரையை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். நான் பயந்துபோய் அன்றிலிருந்து ஒன்றுவிடாமல் போட்டேன், சாப்பாட்டையும் பாதியாக்கினேன். நான்காம் நாள் விடியற்காலை வியர்த்துக் கொட்டி விழுந்தேன். சர்க்கரை 48. நினைவு இருந்ததால் அம்மா குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தாள்.

'நான்தான் அளவைக் கூட்டிவிட்டேன் போல' என்று டாக்டர் வருத்தப்பட்டார். நான் தலையாட்டினேன் பாப்பா. அம்மாவிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவரிடம் போகிறேன். இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.

நீ ராத்திரி மாத்திரை போட்டாயா என்று ஒரு வரி எழுது. போடவில்லை என்றால் அதையே எழுது, திட்டமாட்டேன்.

அப்பா