வளைவில் திரும்பிய பிக் பாய்

அன்புள்ள சேகர்,

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலி இப்போது எப்படி?

இங்கே டென்வரில் நான் ஒருவழியாக பிக் பாய் மாடலை வாங்கிவிட்டேன், அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேயில் ஓடிய அந்தப் பெரிய நீராவி என்ஜின்தான். 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு 46 சென்டிமீட்டர். நிஜ என்ஜின் 40 மீட்டர் நீளம். இங்கே ஃபோர்னி மியூசியத்தில் 4005 எண்ணுள்ள பிக் பாய் நிற்கிறது, அதன் ஓட்டுசக்கரத்தின் விட்டம் 68 அங்குலம், கிட்டத்தட்ட என் உயரம். ஆல்கோ என்ற என்ஜின் தொழிற்சாலையில் 1941-இல் இருபதும், போர்ச் சரக்கு குவிந்துகிடந்த 1944-இல் இன்னும் ஐந்தும் செய்தார்கள். யூட்டா மாநிலத்து ஆக்டனுக்குக் கிழக்கே வாசாட்ச் மலை ஏற்றத்தில் 3,600 டன் வண்டியை வேறு என்ஜினின் உதவி இல்லாமல் தனியாக இழுக்க வேண்டும், அதற்காகவே பிறந்தது. யாரோ ஒரு தொழிலாளி சாக்பீஸால் முகப்பில் கிறுக்கிய பெயர்தான் 'பிக் பாய்', அவர் யாரென்று இன்றுவரை தெரியாது, எனக்கு அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 56 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் ஓடவிட்டேன், தடம் புரளாமல் அழகாகத் திரும்பியது, ஆனால் குனிந்து பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஒரே பாய்லருக்குக் கீழே இரண்டு செட் சக்கரம், நிஜத்தில் பின் செட் பாய்லரோடு அசையாமல் இருக்கும், முன் செட் மட்டும் கீலில் திரும்பும், அதனால் வளைவில் பாய்லரின் மூக்கு தண்டவாளத்தைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு போகும். அந்த நீட்டல்தான் இந்த என்ஜினின் நடையே! மாடலில் இரண்டு செட்டும் திரும்புகின்றன, சின்ன மேசையில் ஓட வேண்டுமே என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் எல்லோருக்கும் இடம் இருக்குமா?

கணக்குப் போட்டேன். நிஜ பிக் பாய் 20 டிகிரி வளைவு வரை திரும்பும், அதாவது 288 அடி ஆரம். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். மேசை இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். பின் அறைக் கட்டிலை எடுத்துவிட்டால் இடம் இருக்கிறது, மனைவியும் சரி என்றுவிட்டாள். பின் செட்டை நகராமல் இறுக்கிவிட்டு, தண்டவாளத்தைப் புதிதாகப் போடப் போகிறேன்.

உனக்குத்தான் வளைவை ஒரே சீராக வளைத்துப் போடும் கை. மே மாதம் மகனைப் பார்க்க வரும்போது நாலு நாள் இங்கேயும் தங்கு, அதுவரை மேசைக்கு மரம் மட்டும் அறுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி