சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் திறமூல மென்பொருள் நிறுவனங்கள் பின்னர் அந்த உரிமத்தை இறுக்கிக்கொள்வது நியாயமே என்று வாதிட்ட சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். அந்த மென்பொருளை இணையவழிச் சேவையாக விற்கும் கிளவுட் நிறுவனங்கள் அடுத்தவர் விளைச்சலில் அறுவடை செய்கின்றன என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் விதைத்தவர், அறுத்தவர் என்று இரண்டு பேரோடு கதையை முடித்துவிட்டாரே! கூலி வாங்காமல் களை பறித்தவர்கள் எங்கே போனார்கள்?

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குச் சிறு பிழைத்திருத்தம் அனுப்பினேன். பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்று வந்தது. படிக்காமலே ஒப்புக்கொண்டேன். (படிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.) பின்னாளில் அவர்கள் உரிமத்தை மாற்றியபோது ஆத்திரத்தோடு அதைத் தேடி எடுத்தேன். என் நிரலை அவர்கள் விரும்பும் எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அபாச்சி என்ற தாராளமான திறமூல உரிமத்தில் உள்ள நிரலின் உரிமத்தை ஒருபோதும் மாற்ற மாட்டோம் என்று 2018-இல் எழுதியே வைத்தது, இலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை உருவாக்கும் இலாஸ்டிக் நிறுவனம். 2021 ஜனவரியில் மாற்றப்போவதாக அறிவித்தது. சொன்னபோது மனதாரத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பங்களிப்பாளர் ஒப்பந்தம் என்ற சாவி அவர்கள் இடுப்பிலேயே இருந்தது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்ம் என்ற தன் மென்பொருளின் உரிமத்தை மாற்றியதும் இதே சாவியால்தான்.

இதனால், இலாஸ்டிக்கின் மென்பொருளைத் தன் கிளவுட் சேவையாக விற்றுவந்த அமேசான் முடங்கியதா என்றால் இல்லை. பழைய நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் என்று கிளை பிரித்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது. இலாஸ்டிக்கும் 2024-இல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு பாதி தூரம் திரும்பி வந்துவிட்டது. கட்டுரையில் இது ஏன் இடம்பெறவில்லை என்று தெரியவில்லை.

வணிகமே கூடாது என்பது என் கட்சி அல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்கு நிரல் எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள்தான். இருந்தும் அதன் உரிமத்தை எவராலும் ஒரே இரவில் மாற்ற முடியாது. பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடமும் அவர்களுடைய நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்கப் புறப்படுபவர் ஊர் திரும்பப் போவதில்லை.

ஆகவே கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு திறமூல நிறுவனத்தின் நியாயத்தை எடுத்துச் சொல்லும்போது, பங்களிப்பாளர்களிடம் அது எதில் கையெழுத்து வாங்குகிறது என்பதையும் இரண்டு வரி எழுதட்டும்.

இப்படிக்கு,
படிக்காமல் கையெழுத்திட்ட ஒரு வாசகன்