நிறுத்தி வைத்த வண்டியை இடித்துவிட்டால்: ஜெர்மனியிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

மியூனிக்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் நலமென்று நம்புகிறேன். செந்தில் இங்கே வேலையில் சேர்ந்த கையோடு கார் வாங்கப்போகிறான் என்று சித்தி சொன்னார்கள். தெருவில் நிறுத்திய வண்டியை எவனாவது இடித்துவிட்டுப் போனால் அந்த ஊரில் என்ன நடைமுறை என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். மோட்டார் கிளைமிலேயே காலம் கழித்த உங்களுக்குப் போனில் பதில் சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி வரும். அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு செந்திலிடம் கொடுங்கள். இந்த ஊர் நகரங்களில் பல வீடுகளுக்குக் கார் ஷெட் கிடையாது, வண்டி தெருவோரம்தான் நிற்கும். என்றாவது ஒருநாள் அவனுக்கு இது தேவைப்படும்.

நம் ஊரில் இடித்தவன் எதிரிலேயே நின்றாலும் நம் சொந்த பாலிசியில் ஓ.டி. கிளைம், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான கிளைம், போட்டு, நோ கிளைம் போனஸை விட்டுக்கொடுத்து வருகிறோம். தேர்ட் பார்ட்டி, அதாவது இடித்தவனின் காப்பீட்டில் கேட்பது, என்று கிளம்பினால் டிரிப்யூனல், வக்கீல், வாய்தா. இங்கே அப்படியே தலைகீழ். ஒவ்வொரு வண்டிக்கும் ஹாஃப்ட்ப்ளிஷ்ட் என்ற கட்டாயக் காப்பீடு உண்டு. இடித்தவனின் கம்பெனியிடம் நாமே நேராகப் போய்ப் பணம் கேட்கலாம். காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நம் பாலிசியைத் தொடவே வேண்டாம், நாமே ஏற்க வேண்டிய கழிவுத் தொகையும் கிடையாது, நம் பிரீமியமும் ஏறாது. இவ்வளவும் இடித்த வண்டியின் நம்பர் தெரிந்தால்தான். தெரியாவிட்டால் கதையே வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வைப்பரில் ஒரு சீட்டைச் சொருகி, போன் நம்பர் எழுதிவிட்டுப் போவது இங்கே செல்லாது. குற்றவியல் சட்டம் 142-ஆம் பிரிவின்படி இடித்தவர் அங்கேயே நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும். சிறு சேதத்துக்கு அரை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. உரிமையாளர் வராவிட்டால் உடனே போலீசில் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அது விபத்திலிருந்து தப்பியோடிய குற்றம், மூன்று வருடம் வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். இடித்துவிட்டு ஓடிப் பிறகு பிடிபட்டவனின் கம்பெனி நமக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, 2,500 யூரோ வரை, மோசமான வழக்கென்றால் 5,000 யூரோ வரை, அவனிடமே திரும்ப வசூலிக்கலாம். அவன் ஓடியதற்காக நம் தொகையில் ஒரு காசு குறையாது.

வண்டியில் அடி இருப்பதைப் பார்த்ததும் முதலில் அதை நகர்த்தக் கூடாது. நான்கு பக்கமும் போட்டோ, அடிபட்ட இடத்தைத் தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிய ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்து இன்னொன்று. உயரம் முக்கியம். பிறகு ஒரு வண்டி சிக்கினால் அதன் பம்பரும் இந்தக் கீறலும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். கீழே கிடக்கும் பிளாஸ்டிக் துண்டு, விளக்குக் கண்ணாடிச் சில்லு எல்லாவற்றையும் கிடக்கும் இடத்திலேயே படமெடுத்துவிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். உடைந்த துண்டில் பெரும்பாலும் பாக நம்பர் அச்சிட்டிருக்கும், அதிலிருந்தே எந்த மாடல் என்று கண்டுபிடிக்கலாம். முன்னும் பின்னும் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளையும் எடுத்துக்கொள்ளட்டும். இடித்தவனே பக்கத்தில் நிறுத்தியிருப்பது ஒன்றும் அபூர்வமில்லை.

இடித்தவன் தெரியவில்லையென்றால் போலீசைக் கூப்பிடலாம், அல்லது வட்டாரக் காவல் நிலையத்தில் அடையாளம் தெரியாதவர் மேல் புகார் கொடுக்கலாம். அவர்கள் ஒட்டுப்படலம் வைத்து வேற்று நிறப் பெயின்ட் தடயத்தை எடுக்கக்கூடும். அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது, தேய்த்துப் பார்க்கவும் கூடாது. நம் ஆட்களுக்கு விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதால் இதைச் சொல்கிறேன். புகாரின் பதிவு எண்ணைக் கட்டாயம் வாங்க வேண்டும். பக்கத்தில் கடை கேமரா இருந்தாலும் தனிநபர் கேட்டால் காட்சியைத் தரமாட்டார்கள், போலீஸ் கேட்க வேண்டும். தனியுரிமை விதிகளின்படி பல இடங்களில் 72 மணி நேரத்தில் பதிவை அழித்துவிடுவதால், புகாரிலேயே கேமரா எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது நல்லது. சொந்த வண்டியில் டேஷ்கேம் இருந்தால் அதன் பதிவும் சிவில் வழக்கில் ஆதாரமாகலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நம்பர் கிடைத்துவிட்டால் வேலை சுலபம். சென்ட்ரால்ரூஃப் என்று ஒரு பொது விசாரணை மையம் இருக்கிறது, கட்டணமில்லா எண் 0800 25 026 00. வண்டி நம்பரும் சம்பவ நாளும் சொன்னால் எந்தக் கம்பெனி, பாலிசி எண் என்ன என்று சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டு நம்பர் பிளேட் என்றால் பெர்லினிலுள்ள கிரீன் கார்டு அலுவலகம் இங்கே ஒரு பொறுப்பாளரைக் காட்டிக் கொடுக்கும்.

இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். கம்பெனிக்குத் தகவல் போன அன்றே அங்கிருந்து போன் வரலாம். பேச்சு தேனாக இருக்கும். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், எங்கள் ஒர்க்‌ஷாப் ஆள் வந்து வண்டியை எடுத்துப் போவார், எங்கள் சர்வேயர் பார்ப்பார், மாற்று வண்டியும் தருகிறோம்." மோசடி இல்லை, வண்டி சரியாகித்தான் வரும். ஆனால் எதிர்த்தரப்பு ஏற்பாடு செய்த சர்வேயர் எதிர்த்தரப்புக்குத்தான் சர்வேயர். வண்டியின் மதிப்புக் குறைவு போன்ற இனங்களை நாம் கேட்காமல் அவர் தானாக எழுத மாட்டார். நம் ஊரில் கம்பெனி சர்வேயரை அனுப்பும், நாம் காத்திருப்போம். இங்கே பாதிக்கப்பட்டவரே தன் சர்வேயரைத் தேர்ந்தெடுக்கலாம், குட்டாஹ்டர் என்று கேட்க வேண்டும். ஃபீஸ் எதிர்த்தரப்பு தலையில். வக்கீலும் அப்படியே. ஒர்க்‌ஷாப்பும் நம் விருப்பம். இந்த மூன்றையும் முதல் போனிலேயே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

சர்வேயருக்கு ஒரு வரம்பு உண்டு. ஏறக்குறைய 750 யூரோவுக்கு உட்பட்ட சேதத்துக்கு ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் போதும், சர்வேயர் வைத்தால் அவர் ஃபீஸைக் கம்பெனி மறுக்கலாம். ஆனால் வெளியே பார்த்து 750-க்குள் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தவறு. இன்றைய பிளாஸ்டிக் பம்பர் உள்வாங்கி மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கீறல் மட்டும்தான் தெரியும். உள்ளே அடி தாங்கும் நுரைத் தடுப்பு நொறுங்கியிருக்கும், பார்க்கிங் சென்சாரின் தாங்கி ஒடிந்திருக்கும், குறுக்குச் சட்டம் வளைந்திருக்கும், ரேடார் இருந்தால் அதன் கோணம் மாறியிருக்கும். கழற்றிப் பார்க்காமல் தெரியாது. சக்கரத்தில் அடி பட்டிருந்தால் அலைன்மென்ட் அளந்தே ஆக வேண்டும், சக்கரத்தைத் திருப்பும் டை ராட் லேசாக வளைந்திருந்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். மெட்டாலிக் நிறமென்றால் ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் நிறம் சேராது, பக்கத்துப் பேனலிலும் ஓட்டிக் கலக்க வேண்டும். இதெல்லாம் எழுதிய அறிக்கை இருந்தால் 500 யூரோ என்று நினைத்த கீறல் 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். ரிப்பேர் செலவு, ரிப்பேருக்கு ஆகும் நாட்கள், சேதத்துக்கு முன் அதே போன்ற வண்டி வாங்க ஆகும் விலை, சேதமான நிலையில் விற்றால் கிடைக்கும் விலை, பிறகு மதிப்புக் குறைவு. கடைசியாகச் சொன்னது நமக்குப் புதிது. எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் 'விபத்துக்குள்ளான வண்டி' என்று சொல்லித்தான் விற்க வேண்டும், அதற்குக் குறையும் விலையையும் எதிர்த்தரப்பு தர வேண்டும். வெறும் மேல் கீறலுக்கும் மிகப் பழைய வண்டிக்கும் இது வராது.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வண்டி எடுக்கலாம். எடுக்காவிட்டால் பயன் இழப்புக்கு நாள் கணக்கில் பணம் வாங்கலாம். வண்டியின் வகையைப் பொறுத்து நாளுக்கு 23 யூரோ முதல் 175 யூரோ வரை அட்டவணை இருக்கிறது, ஐந்து வருடம் தாண்டிய வண்டி ஒரு படி கீழே இறங்கும், பத்து வருடம் தாண்டினால் இன்னொரு படி. வாடகைக்கு எடுப்பதானால் ஒரு வகுப்பு சின்ன வண்டியாக எடுத்தால் பிடித்தம் வராது. நாளுக்கு 20 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு வாடகை வண்டியே தேவையில்லை என்று மறுப்பதும் உண்டு, அப்படிப்பட்டவர் பணமாகவே வாங்கிக்கொள்வது மேல். இதுபோக போன், தபால் செலவுக்கு என்று ரசீது இல்லாமலே 25 அல்லது 30 யூரோ தருவார்கள். கேட்டால்தான் வரும்!

இன்னொன்று, ரிப்பேரே செய்யாமலும் பணம் வாங்கலாம். அறிக்கையில் உள்ள தொகையிலிருந்து மதிப்புக்கூட்டு வரியைக் கழித்துவிட்டுத் தருவார்கள். கட்டாத வரியைத் தருவதில்லை என்று 2002-இல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஓட்டை வண்டிக்கு இது லாபம்தான். ஆனால் கம்பெனிகள் கத்தரியை எடுப்பதும் இங்கேதான். ஒரு தணிக்கை நிறுவனத்தின் 'பரிசீலனை அறிக்கை' வரும். உதிரிபாகத்தின் மேல் வைக்கும் சதவீதம், பெயின்ட் கடைக்கு வண்டியைக் கொண்டுபோகும் செலவு, பக்கத்துப் பேனல் பெயின்ட் மூன்றையும் அடித்திருப்பார்கள். மணிக்கூலியும் ஏதோ ஒரு மலிவு ஒர்க்‌ஷாப் விலைக்கு இறங்கியிருக்கும். வண்டிக்கு மூன்று வயதுக்குள் என்றாலோ, எப்போதும் வண்டிக் கம்பெனியின் சர்வீஸிலேயே விட்டதற்குச் சான்று இருந்தாலோ மலிவு ஒர்க்‌ஷாப்பைக் காட்ட முடியாது. சர்வீஸ் புத்தகத்தை இதற்காகவே பத்திரமாக வைக்க வேண்டும். இந்த அறிக்கை கையில் வந்த நாள்தான் வக்கீலிடம் போக ஏற்ற நாள். அதற்கு முன்பே போயிருந்தால் இன்னும் நல்லது.

ரிப்பேர் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதே போன்ற வண்டி வாங்கும் விலையிலிருந்து சேதமான வண்டியின் விலை போக மீதி கிடைக்கும். ஆனால் ரிப்பேர் செலவு அந்த வாங்கும் விலையில் 130 சதவீதம் வரை போனாலும் சலுகை இருக்கிறது. அறிக்கையில் சொன்னபடி முழுசாகச் சரிசெய்து, பிறகு ஆறு மாதமாவது அதை ஓட்டினால் அந்தச் செலவைத் தருவார்கள்.

சர்வேயரோ ஒர்க்‌ஷாப்போ உரிமையை மாற்றி எழுதும் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், அவர்கள் பில்லை நேராகக் கம்பெனியிடம் வசூலிக்க. போடலாம், ஆனால் கம்பெனி குறைத்துக் கொடுத்தால் மீதிக்கு நம்மிடமே வருவார்கள் என்ற வரி அதில் இருக்கும், அதைப் படித்துவிட்டுப் போட வேண்டும். லீஸ் வண்டியென்றால் உரிமையாளர் லீஸ் கம்பெனி, அவர்களைக் கேட்காமல் ரிப்பேருக்கு விடவோ பணமாக வாங்கவோ கூடாது.

கம்பெனி பரிசீலிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் நியாயமான அவகாசம். உரிமை காலாவதியாக, சம்பவம் நடந்த வருடம் முடிந்ததிலிருந்து மூன்று வருடம்.

இனி இடித்தவன் கிடைக்காத கதை. விபத்துப் பலியானோர் நிதி என்று ஒன்று இருந்தாலும் பலத்த காயம் இல்லாத வெறும் வண்டிச் சேதத்துக்கு அது காசு தராது. சொந்த பாலிசியில் ஃபோல்காஸ்கோ, அதாவது முழுக்காப்பு, இருந்தால் மட்டுமே பணம். அதிலும் 300 அல்லது 500 யூரோ கழிவு, அடுத்த வருடம் போனஸ் படி இறங்கும். ஒரு வாரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சொந்த பாலிசி கிளைமில் சர்வேயரைத் தேர்வது நாம் அல்ல, கம்பெனிதான். பிரீமியம் குறைய வேண்டுமென்று ஒர்க்‌ஷாப் கட்டுப்பாட்டுக்குச் சம்மதித்திருந்தால் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் விட வேண்டும். கிளைம் போட்டால் வரும் வருடங்களில் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் கேட்டால் கணக்குப் போட்டுத் தருவார்கள். பல கம்பெனிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ அவகாசம் கொடுத்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டி போனஸைக் காப்பாற்றிக்கொள்ளவும் விடுகின்றன.

டைல்காஸ்கோ என்ற பாதிக்காப்பு திருட்டு, புயல், மான் மோதல் போன்றவற்றுக்கு. நிறுத்திய வண்டியின் கதவை நசுக்கியதற்கு அது ஒன்றும் தராது. ஆனால் கண்ணாடி உடைந்தால் தரும், முன்விளக்கின் கண்ணாடியும் அதில் சேர்த்தி. அதற்குப் போனஸும் குறையாது. ஓடிப்போனவன் விளக்கை உடைத்துவிட்டுப் போயிருந்தால் இதை மறக்கவே கூடாது.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியும் சைக்கிளும் இடித்தால் அது மோட்டார் காப்பீடு அல்ல, அந்த ஆளின் தனிநபர் பொறுப்புக் காப்பீடு. குழந்தை என்றால் ஏழு வயதுக்குக் கீழ் பொறுப்பே இல்லை. ஏழிலிருந்து பத்து வரை ஓடும் வண்டிகளின் நடுவே நடந்த விபத்துக்குத்தான் விலக்கு. ஒழுங்காக நிறுத்திய காரை இடித்த அந்த வயதுப் பையன் பொறுப்பாகலாம் என்று 2004-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த 'ஒழுங்காக'வுக்கு நாமும் கட்டுப்பட்டவர்கள். தடை செய்த இடத்தில், திருப்பத்தில் நிறுத்தியிருந்தால் நம் மீதும் பங்கு வைத்துத் தொகையைக் குறைக்கலாம்.

செந்தில் பார்த்திருக்கும் வண்டி எந்த வருடத்தது, எவ்வளவு விலை, வீட்டில் ஷெட் உண்டா தெருவா என்று கேட்டு எழுதுங்கள். ஃபோல்காஸ்கோ கட்டுப்படியாகுமா, டைல்காஸ்கோ போதுமா என்று இரண்டுக்கும் பிரீமியம் எடுத்து அனுப்புகிறேன். சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
கதிர்