பூட்டிய மடலில் திறந்து கிடக்கும் ஒரு வரி

மின்னஞ்சல் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் குழுவினருக்கும், அவற்றை வைத்து மென்பொருள் செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டை அக்காவுக்கு அனுப்பினேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருவரும் மடலைப் பூட்டித் திறக்கும் பிஜிபி முறைக்கான சாவி உருவாக்கி, சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்துகளையும் போனில் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்திருந்தோம். மடலும் இணைப்பும் பூட்டியே போயின. சப்ஜெக்ட் வரி மட்டும் திறந்தபடி போனது. அதில் நான் எழுதியிருந்தது: 'அப்பா பயாப்சி, புற்றுநோய் உறுதி'. அக்கா அப்போது அலுவலகக் கூட்டத்தில் தன் கணினியைப் பெரிய திரையில் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் அந்த வரி வந்து நின்றது. அம்மாவிடம்கூட நாங்கள் அதுவரை சொல்லவில்லை.

பூட்டும்போது சப்ஜெக்ட் வரியையும் சேர்த்துப் பூட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. 1993 பிப்ரவரியில் வந்த, மடல்களைப் பூட்டுவதற்கான பெம் தரத்தின் ஆவணமான ஆர்எஃப்சி 1421-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறீர்கள்: ரகசியமான சப்ஜெக்ட்டை உள்ளே வைத்து மூடவேண்டும், வெளியே 'மறையாக்கிய அஞ்சல் தொடர்கிறது' என்று மட்டும் இருக்கவேண்டும். சாவி யாருடையது என்று உறுதிசொல்லும் எல்லாச் சான்றிதழ்களும் ஒரே தலைமை அமைப்பின் கீழ் வரவேண்டும் என்று வைத்த பெம் பரவவில்லை; இன்று அதன் பெயர் சான்றிதழ்க் கோப்புகளின் பின்னொட்டாகத்தான் வாழ்கிறது. அந்த நல்ல யோசனையுமா அதோடு போகவேண்டும்? 2004-இல், மடலைப் பூட்டும் இன்னொரு தரமான எஸ்/மைம் 3.1, சப்ஜெக்ட் போன்ற தலைப்பு வரிகளையும் உள்ளே வைத்து மூட இடம் கொடுத்தது. இடம்தான் கொடுத்தது, கட்டாயம் ஆக்கவில்லை. சில மென்பொருள்கள் இப்போது தாமாகவே மூடுகின்றன. நான் பயன்படுத்தியது மூடவில்லை. மூடாது என்று சொல்லவும் இல்லை.

பிஜிபியும் எஸ்/மைமும் ஒன்றின் மடலை மற்றொன்று திறக்காது என்பதையும் இத்தனை வருடங்களாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். சரி, அது பெரிய சண்டை, இன்னொரு நாள் பேசலாம். ஆனால் திரையில் பூட்டுப் படத்தைப் போட்டால் எல்லாம் பூட்டியிருக்கிறது என்றுதானே யாரும் நம்புவார்கள்? அந்த நம்பிக்கையில்தான் நான் அந்த வார்த்தையை அங்கே எழுதினேன்.

தயவுசெய்து சப்ஜெக்ட் வரியை மூடுவதைக் கட்டாயமாக்குங்கள். அப்பாவின் அடுத்த ரிப்போர்ட் இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதற்குள் முடியாதென்றால், பூட்டை அழுத்தும்போது 'இந்த வரி மூடப்படாது' என்ற எச்சரிக்கையையாவது காட்டுங்கள்.