கை அரிப்பு பற்றி ஸ்டெல்லாவுக்கு

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நர்சிங்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம்.

கடைசியில் நீ போகிற போக்கில் எழுதிய கை அரிப்புதான் மனசிலேயே நிற்கிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதே. எனக்கும் ஆபரேஷன் தியேட்டரில் இப்படித்தான் ஆரம்பித்தது. கிளவுஸைக் கழற்றினால் மணிக்கட்டில் விளிம்பு பிடித்த இடத்தில் வளையல் மாதிரி தடித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்புறம் தும்மல், கண் அரிப்பு, ஒரு நைட் டியூட்டியில் மூச்சு இழுப்பு. ரத்தப் பரிசோதனையில் லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால், அலர்ஜி என்று தெரிந்தது.

உனக்கு எப்போது வருகிறது என்று கவனி. கிளவுஸ் போட்ட சில நிமிடங்களில் தடித்தால் ரப்பர் பாலில் உள்ள புரதம் காரணமாக இருக்கலாம். அப்படியானால் வாழைப்பழம், கிவி சாப்பிட்டாலும் சிலருக்கு வாய் அரிக்கும். ஓரிரு நாள் கழித்து வெடித்துக் கொப்புளம் வந்தால், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற தயூரம் போன்ற ரசாயனமாக இருக்கலாம். அது நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கிளவுஸ் பலவற்றிலும் உண்டு, மாற்றினால் மட்டும் தீராது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ரப்பர் கிளவுஸ் போடாதே, ரப்பர் நைந்துவிடும்.

எனக்கு நைட்ரைல் கொடுத்துவிட்டார்கள், சரி. ஆனால் பக்கத்தில் நிற்பவர் பவுடர் போட்ட லேடெக்ஸைச் சட்டென்று உருவினால் எனக்கு மூச்சு இழுக்கிறது. அந்தப் பவுடர் சோளமாவுதான், அதில் ஒட்டிய புரதம் காற்றில் பறக்கிறது. அமெரிக்காவில் பவுடர் கிளவுஸையே 2017இல் தடை செய்துவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேறு கிளவுஸ் கேட்டால், "உங்கள் ஒருத்திக்காகவா?" என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. 1889 வாக்கில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கை கிருமிநாசினியால் புண்ணானது. அந்த ஒருத்திக்காகத்தான் டாக்டர் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியிடம் சொல்லி ரப்பர் கிளவுஸ் செய்ய வைத்தார்! அது நோயாளியையும் காக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. நமக்கு வருவது வேலையால் வரும் நோய், ஸ்டெல்லா. சலுகை கேட்கிறோம் என்று கூச்சப்படாதே, எழுத்தில் கொடு.

இந்த வாரமே தோல் டாக்டரைப் பார். நீ போடுகிற கிளவுஸின் பெட்டியையும் கையோடு எடுத்துப் போ. என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
வசந்தா