சக்காராவுக்குப் போய்விட்டு வா

கும்பகோணம்
மார்கழி 24

அன்புள்ள கதிர்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் வலி இந்தக் குளிரில் கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய போட்டோவை எதிர்வீட்டு அத்தைக்கும் காட்டினேன். உன் அறை ஜன்னலுக்கு வெளியே மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், துணிக்கொடிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் புழுதி நிறத்தில் மூன்று முக்கோணம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "செத்துப்போன ஆளுக்கு இவ்வளவு கல்லாம்மா?" அந்த வரி என்னை விடவில்லை. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான். எகிப்து பாடம் வரும்போதெல்லாம் "பிரமிடுகள் அரசர்களின் கல்லறைகள்" என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு மம்மிக்குப் போய்விடுவேன். பிள்ளைகளுக்கும் மம்மிதான் வேண்டும். உனக்கு அங்கே வேலை என்று ஆனபிறகுதான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். கல்லறை என்ற சொல் தப்பு இல்லை, ஆனால் போதாது. அதைக் கட்டியவர்கள் அந்தப் பொருளில் கட்டவில்லை.

உன் ஜன்னலில் தெரிகிற பெரிய பிரமிடுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அகெத் கூஃபு', அதாவது கூஃபு என்ற அரசனின் அடிவானம். சூரியன் மேற்கே அடிவானத்தில் இறங்கி, இரவெல்லாம் கீழுலகில் பயணம் செய்து, மறுநாள் கிழக்கு அடிவானத்தில் புதிதாக எழுகிறது அல்லவா? அரசனும் அப்படியே என்று நம்பினார்கள். மேற்குக் கரையில் இறங்குவான், உருமாறுவான், எழுவான். அந்த உருமாற்றம் நடக்கிற இடம்தான் அடிவானம். அதைக் கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவனை மூடி வைக்க அல்ல கதிர், அவனை எழுப்பி அனுப்ப.

அந்த முக்கோண வடிவத்துக்கும் காரணம் உண்டு. ஆதியில் எங்கும் தண்ணீர், அதிலிருந்து முதலில் ஒரு மேடு எழுந்தது, அந்த மேட்டில்தான் சூரியன் முதலில் தோன்றினான் என்பது அவர்கள் கதை. நைல் வெள்ளம் வடியும்போது மண்மேடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுவதை ஆண்டுதோறும் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு கதை தோன்றியதில் வியப்பு இல்லை. அந்த மேட்டின் நினைவாக 'பென்பென்' என்ற கல்லைச் சூரியன் கோயிலில் வைத்து வணங்கினார்கள். அந்தக் கோயில் இருந்த ஊர் ஹீலியோபோலிஸ். இன்றைக்கு அது கெய்ரோவுக்குள்ளேயே மதாரியா பக்கம் இருக்கிறது.

நீ இன்ஜினியர். பக்கத்துக்கு 230 மீட்டர், முதலில் இருந்த உயரம் 146 மீட்டருக்கு மேல், ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் என்ற கணக்கெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னை நிறுத்தியது வேறு ஒன்று. அதன் பக்கங்கள் திசைகளிலிருந்து ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. வாசல் வடக்கே. ஏன் வடக்கு? வடவானத்தில் துருவத்தைச் சுற்றிவரும் விண்மீன்கள் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'அழிவறியாதவை' என்று பொருள். அரசன் போய்ச் சேரவேண்டியது அவற்றோடு. நம் மாடியிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் 11 பாகை உயரத்தில், தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும். அங்கே உனக்கு 30 பாகை. கூஃபு காலத்தில் துருவத்துக்கு அருகே இருந்த விண்மீன் வேறு, சப்தரிஷி மண்டலமும் அன்று அந்த ஊர் வானில் மறையவே மறையாது. ஒரு நாள் ஊர் வெளிச்சத்தை விட்டு வெளியே போய் வடக்கே பார்.

ஆனால் உன் ஜன்னலில் தெரிகிற அந்தப் பிரமிடுகள் இருக்கும் கீசாவுக்கு முதலில் போகாதே. சக்காராவுக்குப் போ. அங்கேதான் இது தொடங்கியது. கி.மு. 2650 வாக்கில் ஜோசர் என்ற அரசனுக்கு அவருடைய அமைச்சர் இம்ஹோதெப் எழுப்பிய படிப் பிரமிடு, ஆறு படி. அதன் வடக்குப் பக்கம் போனால் கல்லால் ஆன ஒரு சிறு அறை இருக்கும், பெட்டி மாதிரி, சற்றே பின்னால் சாய்ந்து. சுவரில் இரண்டு துளை. குனிந்து உள்ளே பார்த்தால் ஜோசர் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது இருப்பது நகல், அசல் கெய்ரோ அருங்காட்சியகத்தில். அந்தத் துளைகள் நாம் உள்ளே எட்டிப் பார்க்க வைத்தவை அல்ல. அவர் வெளியே பார்க்க வைத்தவை. படைக்கிற சாப்பாட்டைப் பார்க்க, தூபத்தை முகர, வடக்கே அந்த விண்மீன்களைப் பார்க்க.

'கா' என்பார்கள். மனிதனோடு பிறந்து, அவன் போன பிறகும் இருக்கிற உயிர்ச்சக்தி. அதை எழுத ஏந்திய இரண்டு கைகளை வரைவார்கள். அதற்குப் பசிக்கும். உடம்போ சிலையோ இருந்தால் அங்கே வந்து தங்கும், படைத்தால் உண்ணும், படைக்காவிட்டால் வாடும். ஆகையால் அரசர்களின் பிரமிடு பொதுவாகத் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் கோயில், நைல் பக்கம் இன்னொரு கோயில், இரண்டுக்கும் நடுவே நீண்ட பாதை, முறை வைத்து வேலைக்கு வரும் பூசாரிகள், ரொட்டியும் பீரும் இறைச்சியும் அனுப்ப மானிய நிலங்கள். கீசாவுக்கும் சக்காராவுக்கும் நடுவே அபூசிர் என்ற இடத்தில் நெஃபெரிர்காரே அரசனின் பிரமிடு இருக்கிறது. அந்தக் கோயிலின் கணக்குச் சுவடிகள் 1893இல் கிடைத்தன. யாருக்கு எந்த மாதம் முறை, இன்று எவ்வளவு ரொட்டி வந்தது, எந்தக் கிண்ணம் உடைந்திருக்கிறது, எல்லாம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். படைத்ததை அப்புறம் பூசாரிகளே தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பிரசாதம் வாங்கித் தின்று வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டுமா?

அதே சக்காராவில் ஜோசருக்குத் தெற்கே, இடிந்து மண்மேடு போலக் கிடக்கும் இன்னொரு பிரமிடு உண்டு. உனாஸ் உடையது, கி.மு. 2350 வாக்கில் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். திறந்திருந்தால் உள்ளே போ. நன்றாகக் குனிந்து போகவேண்டும், உன் உயரத்துக்கு இன்னும் கஷ்டம். போய் நிமிர்ந்தால் கூரையெல்லாம் நட்சத்திரம். சுவரெல்லாம் எழுத்து, மேலிருந்து கீழாக வரிவரியாக வெட்டி நீல நிறம் ஏற்றியவை. கூஃபுவின் பிரமிடுக்குள் இப்படி ஒரு மந்திரமும் இல்லை. உனாஸ்தான் முதலில் சுவரில் எழுதச் செய்தவர். உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சமய எழுத்துகளில் ஒன்று அது.

அதில் ஒரு வரி: "உனாஸ், நீ செத்துப் போகவில்லை, உயிரோடுதான் போயிருக்கிறாய்." அடுத்து வந்த தேத்தி அரசனின் சுவரில் இன்னொன்று. எழுந்திரு, உன் தலையை வாங்கிக்கொள், எலும்புகளைச் சேர்த்துக்கொள், உடம்பில் ஒட்டிய மண்ணை உதறு, கெடாத ரொட்டியையும் புளிக்காத பீரையும் வாங்கிக்கொள் என்று போகிறது. இதை நான் ராத்திரி படித்தேன். அப்பாவின் நாற்காலி எதிரில் இருந்தது. மேலே படிக்க முடியாமல் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டேன்.

எழுத்துக்கு அவர்கள் கொடுத்த சக்தியைப் பார். இந்தப் பிரமிடு எழுத்துகளில் சிங்கத்தின் வடிவம் வந்தால் சில இடங்களில் அதை இரண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள், மனித உருவத்துக்குக் கால் இருக்காது. உயிர் பெற்று உள்ளே இருப்பவருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாதே என்ற பயம். எழுதினால் அது இருக்கிறது, சொன்னால் அது நடக்கிறது.

யார் சொல்வது? அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒசிரிஸ் என்ற கடவுளைத் தம்பி சேத் கொன்றான், மனைவி இசிஸ் அவன் உடம்பைத் தேடிச் சேர்த்தாள், மகன் ஹோரஸ் தந்தைக்குரியதைச் செய்தான். செத்த அரசன் ஒசிரிஸ் என்றால் அடுத்து வருகிற மகன் ஹோரஸ். "உன்னைத் தேடி வந்திருக்கிறேன், நான் ஹோரஸ்" என்று தந்தையிடம் சொல்கிற குரல் அந்த எழுத்துகளில் வருகிறது. எத்தனை கல் அடுக்கினாலும், மகன் வந்து வாயைத் திறந்து பேசாவிட்டால் அப்பா எழமாட்டார்.

கல் சுமந்தவர்களைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். கேட்கத்தான் வேண்டும். சாட்டையடி வாங்கிய அடிமைகள் என்று நான் படித்த காலத்தில் சொன்னார்கள். 1990இல் கீசாவில் ஒரு குதிரையின் கால் மண்ணுக்குள் புதைந்து கண்ணில் பட்ட கல்லறைகள் வேறு கதை சொல்கின்றன. அவை கட்டியவர்களின் கல்லறைகள், சுடாத மண் செங்கல்லிலும் மீந்த கல்லிலும் கட்டிய சின்னஞ்சிறு கல்லறைகள், அரசனின் பிரமிடு பார்வையில் படும் இடத்தில். உள்ளே ரொட்டிக்கும் பீருக்கும் பானைகள். எலும்புகளில் முறிவு இருக்கிறது, ஒழுங்காகக் கட்டுப் போட்டு அது கூடியும் இருக்கிறது. முதுகெலும்புகள் தேய்ந்திருக்கின்றன. அரசாங்கம் கூப்பிட்டால் போயே ஆகவேண்டிய வேலை அது, சுகமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஜமானனுக்கு மட்டும் கட்டிவிட்டுப் போனவர்கள் இல்லை. அதே வானம் தங்களுக்கும் உண்டு என்று நம்பியவர்கள்.

அவர்களில் ஒருவருடைய நாட்குறிப்பே கிடைத்திருக்கிறது. மெரெர் என்ற மேற்பார்வையாளர். 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே என்பவர் தலைமையில் தோண்டியவர்கள் எடுத்தார்கள். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் அதுதான் ஆகப் பழையது. தூரா என்ற கல்குவாரியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், படகு விட்டோம், அகெத் கூஃபுவில் இறக்கினோம் என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அதே செங்கடல் கரையில் இன்னும் தெற்கே குசைர் அல்காதிமில் 'பானை ஒறி' என்று தமிழில் கீறிய பானை ஓடு கிடைத்ததே, வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? நம் ஆட்கள் அந்தத் துறைமுகத்துக்குக் கப்பலில் போன காலத்தில் கூஃபுவின் பிரமிடுக்கே 2,500 வயது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். காவ் என்ற ஊரில் ஒரு மண் கிண்ணம் கிடைத்தது. பிரமிடுக் காலம் முடிகிற நேரத்தது, இப்போது லண்டனில் இருக்கிறது. அரசனுடையது அல்ல. ஷெப்சி என்ற ஒரு மகன், செத்துப்போன தாய் தகப்பனுக்கு அதில் கடிதம் எழுதியிருக்கிறான், உள்பக்கம் அப்பாவுக்கு, வெளிப்பக்கம் அம்மாவுக்கு. அவனுக்குச் சொத்துத் தகராறு, உடம்பும் சரியில்லை. அம்மாவிடம் முறையிடுகிறான். எப்படித் தொடங்குகிறான் தெரியுமா? "காடை வேண்டும், தின்ன வேண்டும் என்று கேட்டாயே, உன் மகன் ஏழு காடை கொண்டுவந்து கொடுத்தேனே, நீ தின்றாயே." ஏழு என்று எண்ணி எழுதியிருக்கிறான். கடைசியில் கேட்கிறான்: நான் இப்படிக் கஷ்டப்பட்டால், அப்புறம் உனக்கு யார் தண்ணீர் வார்ப்பார்கள்?

இருபத்து மூன்று லட்சம் கல்லுக்கும் இந்த ஒரு கிண்ணத்துக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றேதான். போனவர்கள் போய்விடவில்லை. அவர்களுக்கு ஒரு வாய்ச் சோறும், ஒரு கைத் தண்ணீரும், பெயரைச் சொல்ல ஒரு குரலும் வேண்டும். கல்லறைச் சுவர்களில் வழிப்போக்கர்களுக்கே எழுதி வைத்தார்கள்: கையில் கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வாயால் சொல்லிவிட்டுப் போ, ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று. வாய்ச்சொல்லே போதும் அவர்களுக்கு.

மாசியில் அப்பாவின் திதி. லீவு கிடைக்காது என்று போன வாரம் மூன்று தடவை சொல்லிவிட்டாய், மூன்று தடவையும் குரல் உடைந்தது. இங்கே சித்தப்பா செய்கிறார், காக்காவுக்கு நான் வைக்கிறேன், அதில் குறை வராது. நீ அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போகும் முன் நைல் கரைக்குப் போ. அப்பாவுக்குக் காபி ஆற்றிக் கொடுப்பாயே, அந்தக் கையால் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி விடு. மந்திரம் தெரியவில்லையே என்று யோசிக்காதே.

சக்காராவுக்கு வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, அன்றே போ. வெயில் ஏறும் முன்பே போ, தண்ணீர் எடுத்துக்கொள், தொப்பியை மறக்காதே. உனாஸ் அறையில் நிமிர்ந்து பார்த்ததும் என்ன நிறத்தில் தெரிந்தது என்று எனக்குச் சொல். ஒன்பது மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா